கித்துள் பாணியும் கலப்படமும்

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலை, கித்துள் மரத்தின் பெயரையே தன் பெயரிற் கொண்ட ஊர். தமிழ்நாட்டார் கூந்தற்பனை என வழங்கும் இம்மரம், சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அடுத்த கிராமங்களிலெல்லாம் காணப்படுவது. இதன் பாணியின்றி அங்கே தயிர் சுவைப்பதில்லை. ஆயினும், இன்று அப்பெயரால் விற்கப்படுவன யாவும் கித்துள் பாணி அல்ல. சீனி கலந்தவையும் அவற்றுள் உள.

இக்கலப்படம் ஏன் நிகழ்கிறது? பாளையைச் சீவ வடியும் இனிய நீர் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். அதனைத் தடுக்க ஹல் மரப்பட்டையைக் கலயத்தில் இடுவது பழைய வழக்கம். உயிரைப் பணயம் வைத்து மரமேறி இறக்கிய நீரில் ஏழெட்டு லீற்றர் காய்ச்சினாற்றான் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். விறகும் உழைப்பும் இவ்வளவு வேண்டியிருக்க, சீனியோ கடையிலே எளிதிற் கிடைக்கிறது. ஆசைக்கு வேறு காரணமும் வேண்டுமோ?

நிறத்தைக் கண்டு தெளியலாம் என்பாரும் உளர். கருமை நெருப்பின் வேலை. காய்ச்சிய சீனியும் அந்நிறம் பெறும். இரண்டிலும் பெரும்பங்கு சுக்குரோசே ஆதலால், நாவும் ஏமாறும். கரும்பும் கித்துளும் கரியமிலவாயுவை வெவ்வேறு வழியில் ஏற்பதால், அவற்றின் கரிம ஓரிடத்தான்களின் விகிதம் வேறுபடும். அதனை ஆய்வுகூடமே அறியும்.

பாணியின் பாதுகாப்பும் கருதற்குரியது. நன்கு சுண்டிய பாணியில் நுண்ணுயிர்கள் எளிதிற் பெருகா. அரைகுறையாகக் காய்ச்சியது நுரைத்துப் புளிக்கும். தூய பாணி நீரிழிவு நோயாளருக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் தவறு, அதுவும் சர்க்கரையே.

கலப்பட உணவை விற்பதை 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் தடுக்கிறது. பாவனையாளரைக் காக்க 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் ஓர் அதிகாரசபையும் அமைந்தது. எனவே, சட்டம் இல்லை என்று கூறுதற்கில்லை. போத்தலைச் சோதிக்கும் ஊக்கமே வேண்டும். அச்சோதனை மரமேறியின் அடுப்போடு நின்றுவிடலாகாது. மொத்த வியாபாரியின் களஞ்சியத்துக்கும் செல்லவேண்டும். காய்ச்சிய ஊரும் நாளும் சுட்டியில் இடம்பெறுதல் நன்று.

போலிப் பாணி மலியுமிடத்து மெய்ப்பாணிக்கு விலை கிடையாது. விலை இல்லையேல் மரமேற எவர் முன்வருவர்? நாட்கூலியில் மிச்சம் பிடித்து ஒரு போத்தல் வாங்கும் தோட்டத் தொழிலாளியும் அதனைக் காய்ச்சிய கிராமத்தவனும் ஒரே வஞ்சனையால் இழப்பெய்துகின்றனர். வாங்குவோனைக் காப்பதும் காய்ச்சுவோனைக் காப்பதும் ஈண்டு இரு வேறு கடமைகள் அல்ல.