லாரிகளுக்கு நேரம் குறித்தாயிற்று. நிற்க இடம் எங்கே?

பெங்களூர் நகருக்குள் காலை, மாலை நெரிசல் வேளைகளில் கனரக லாரிகள் வரக் கூடாது என்பது நெடுநாளைய விதி. அண்மை ஆண்டுகளில் இது மேலும் இறுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும், ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்களும், பஸ்சுக்குக் காத்திருப்பவர்களும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே இதன் நோக்கம். பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்ட நகரத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தடை நேரத்தில் அந்த லாரிகள் எங்கே நிற்கின்றன? இந்தக் கேள்விக்குத்தான் சரியான பதில் இல்லை.

சேலம், நாமக்கல், சங்ககிரி பக்கத்திலிருந்து இரவெல்லாம் ஓட்டி வரும் டிரைவர் அத்திப்பள்ளியை நெருங்கும்போது பொழுது விடிந்துவிட்டால், அவருக்குச் சாலையோரம்தான் புகலிடம். கழிப்பறை இல்லை, படுக்க இடம் இல்லை, சரக்கை விட்டு நகரவும் முடியாது. சாலையோரம் நிற்கும் லாரியே இருட்டில் இன்னொரு விபத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

சட்டம் சொல்வது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி ஆகியவற்றை முன்னிட்டு, குறிப்பிட்ட சாலைகளில் குறிப்பிட்ட வாகனங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே சமயம், 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியிருந்தது. முதல் சட்டம் கண்டிப்பாக அமலாகிறது. இரண்டாவது சட்டம் சாலையோரம் காத்திருக்கும் டிரைவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

டிரைவரோடு கஷ்டம் முடிந்துவிடுவதில்லை. லாரி இரவில் வந்தால் மூட்டை இறக்கும் கைகளும் இரவில்தான் உழைக்க வேண்டும். கலாசிபாளையத்திலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் சுமை தூக்குவோர், புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாக்கள் ஆகியோரில் தமிழர்கள் பலர். லாரி தாமதமானால் அவர்கள் தூக்கமும் போகிறது. மறுநாள் வேலையும் கெடுகிறது.

ரோம் முதல் லண்டன் வரை

இந்தச் சிக்கல் புதிதல்ல. கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் காலத்திலேயே ரோமாபுரியில் பகலில் பார வண்டிகளுக்குத் தடை இருந்தது. கோயில் கட்டும் சாமான்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. விளைவு, இரவெல்லாம் வண்டிச் சத்தம். ஊர் மக்களுக்குத் தூக்கமில்லை. லண்டனில் இதற்கு நேர்மாறு. 1985-ல் ஏற்பட்ட திட்டப்படி 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பெரும்பாலான தெருக்களில் இரவிலும் வார இறுதியிலும்தான் கட்டுப்பாடு. குடியிருப்போர் தூங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆக, எந்த நேரத்தைத் தடுத்தாலும் யாரோ ஒருவர் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும்.

சாலை நகரானது

நகருக்குள் சரக்கு கொண்டு வரும் லாரி வேறு. நகரைக் கடந்து வேறு ஊருக்குப் போகும் லாரி வேறு. இரண்டாவது வகையை வெளியிலேயே திருப்பிவிட 1996 முதல் 2002 வரை பகுதி பகுதியாக அவுட்டர் ரிங் ரோடு போடப்பட்டது. நீளம் சுமார் 60 கி.மீ. பிறகு நடந்தது என்ன? சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வழியாக ஹெப்பால் வரை கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழுந்தன. லாரிக்காக வந்த சாலை நகரின் நெரிசலான தெருக்களில் ஒன்றாகிவிட்டது. யஷ்வந்தபுரத்தில் தேவராஜ் அர்ஸ் பெயரால் அமைந்த லாரி முனையத்தையும் நகரம் சூழ்ந்துகொண்டது.

அதற்கு வெளியே, 2005-ல் அறிவிக்கப்பட்ட பெரிஃபெரல் ரிங் ரோடு நில இழப்பீட்டுத் தகராறில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. இன்னும் வெளியே, ஓசூரையும் தொட்டுச் செல்லும் சுமார் 280 கி.மீ. சாட்டிலைட் டவுன் ரிங் ரோட்டில் டாபஸ்பேட்டை - ஹொசகோட்டே பகுதி போக்குவரத்துக்கு வந்திருக்கிறது. டில்லியைச் சுற்றி 135 கி.மீ. கிழக்குச் சுற்று விரைவுச் சாலை 2018-ல் திறக்கப்பட்டது. நகரைக் கடக்கும் லாரிகளை வெளியே திருப்புவதுதான் அதன் நோக்கம். பெங்களூரிலும் சுற்றுச் சாலை முழுமை பெற்றால் பாரம் பெரிதும் குறையும்.

ரயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 2020 ஆகஸ்டில் நெலமங்கலாவிலிருந்து சோலாப்பூர் அருகே பாலே வரை, 682 கி.மீ. தூரம், லாரிகளை அப்படியே ஏற்றிச் செல்லும் ரோ-ரோ ரயில் விடப்பட்டது. இத்தகைய முயற்சிகள் பெருக வேண்டும்.

செய்ய வேண்டியது

ஓசூர் சாலை, தும்கூர் சாலை, பழைய சென்னை சாலை ஆகிய வாயில்களில் குடிநீர், கழிப்பறை, படுக்கை வசதியுடன் லாரி நிறுத்தங்கள் தேவை. அங்கேயே சரக்கைச் சிறு வண்டிகளுக்கு மாற்றவும் வழி செய்யலாம். தடை நேரங்களைக் கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தியிலும் எழுதி வைத்தால், வெளியூர் டிரைவர் தெரியாமல் நுழைந்து அபராதம் கட்ட வேண்டியிராது.

தடை போட ஓர் அறிவிப்பு போதும். நிறுத்தம் அமைக்க நிலமும் பணமும் வேண்டும். அதனால்தான் முதலாவது உடனே நடந்துவிடுகிறது. இரண்டாவது தள்ளிக்கொண்டே போகிறது. நகரத்துக்கு அரிசியும் காய்கறியும் சிமெண்டும் கொண்டு வருகிறவரை வாசலில் நிறுத்தி வைப்பவர்கள், அவர் உட்கார ஒரு திண்ணையாவது கட்டித் தர வேண்டாமா?