பாம்புக் கட்டத்தில் கொசுவைப் போடுங்கள்!

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்துப் பரமபதம் ஆடியவர்களுக்குத் தெரியும். "ஐயோ, கடிச்சிடுச்சே!" என்று பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூச்சல்! பாவம் செய்தால் சறுக்கல், புண்ணியம் செய்தால் ஏற்றம் என்ற பாடத்தை வாத்தியார் இல்லாமலே அந்த அட்டை சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அதே அட்டையில் சுகாதாரத்தைச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

டெங்கு வந்தால் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். மைக் கட்டி ஆட்டோ விடுகிறார்கள். நோட்டீஸ் மறுநாள் போண்டா மடிக்கப் போய்விடுகிறது. "எல்லாம் சாக்கடைக் கொசுதானே சார்" என்கிறார் கடைக்காரர். இல்லை ஐயா! டெங்குக் கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில். கடிப்பது பட்டப்பகலில். மூடாத சிமெண்டுத் தொட்டியும் கடைக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரும்தான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. காய்ச்சலில் படுத்தால் தோல் கம்பெனித் தொழிலாளிக்குக் கூலி போச்சு!

ஆகவே, மூடாத தொட்டிக்கு ஒரு பாம்பு போடுங்கள். வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து தேய்த்தால் ஏணி.

தொழுநோய்க்கும் இப்படியே. வேலூர் பக்கம் கரிகிரியில் 1955 முதல் அதற்கென்றே ஆஸ்பத்திரி நடக்கிறது. உணர்ச்சியில்லாத தேமலை மூடி மறைத்தால் பாம்பு. உடனே டாக்டரிடம் காட்டினால் ஏணி. மருந்து இலவசம்; 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணம்.

"தாயம் விழறது அதிர்ஷ்டம். நோயும் அப்படித்தான்னு பிள்ளைங்க நினைச்சுடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் பாம்பின் வாயில் ஒரு கேள்வியை வைக்க வேண்டும். சரியாகப் பதில் சொன்னால் பாம்பு கடிக்காது! 2030-க்குள் எட்ட வேண்டிய 17 இலக்குகளைக் குழந்தைகளுக்குச் சொல்ல ஐ.நா. சபை தந்திருக்கும் கட்ட விளையாட்டிலும் கேள்விச் சீட்டு உண்டு.

செலவுக்கு எங்கே போவது? திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் கடைக்காரர்கள் வருஷா வருஷம் காலண்டர் கொடுக்கிறார்களே! அந்த அட்டையின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது? அங்கே அச்சடியுங்கள். கேள்விகளைச் சுகாதாரத் துறை எழுதித் தரட்டும். கலெக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

டிசம்பர் கடைசியில் தாளெல்லாம் கிழிந்து அட்டை மட்டும் மிஞ்சும். அப்போது பிள்ளைகளுக்கும் அரைப்பரீட்சை லீவு. சோழியை உருட்டட்டுமே!