இளைஞர் ஆட்டமும் எமது மதிப்பீடும்

பதினேழு வயதிற்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி ஈராண்டுக்கொருமுறை நடைபெற்று வந்தது. 2025ஆம் ஆண்டிலிருந்து அஃது ஆண்டுதோறும் நடைபெறுவதாயிற்று. 24 ஆக இருந்த அணிகளின் தொகையும் 48 ஆக உயர்ந்தது. அணிக்கு 21 பேரெனக் கொண்டால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் சிறுவர் உலகத்தார் கண்முன் நிறுத்தப்பெறுகின்றனர். இவ்விரிவு நன்றா தீதா என்பது பற்றிப் பணக்கணக்கர் பேசிக்கொள்ளட்டும். ஆசிரியத் தொழிலிற் காலங்கழித்த எமக்கு எழும் வினா வேறு. பதினாறு வயதுப் பிள்ளையொருவன் தொண்ணூறு நிமிடம் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அவனைப் பற்றி யாது கூறலாம்? யாது கூறலாகாது?

இதற்கு விடைகாண 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி டில்லி ஜவகர்லால் நேரு அரங்கில் இந்தியச் சிறுவரும் கொலம்பியச் சிறுவரும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்கின்றோம். பழைய ஆட்டத்தை ஏன் கிளறவேண்டும் என்று கேட்பாருளர். நேற்று நடந்த ஆட்டமாயின் அன்பும் சினமும் இன்னும் ஆறியிரா. எட்டாண்டுகளுக்கு மேற் கழிந்தமையால், அன்று கூறப்பட்டவற்றுள் எது நின்றது, எது பொய்த்தது என்று இன்று ஒப்புநோக்க இயலும்.

இந்தியா உலகக் கிண்ணப் போட்டியொன்றில், முதியோர் பிரிவிலாயினும் இளையோர் பிரிவிலாயினும், அதற்கு முன் ஆடியதில்லை. 1950இற் பிறேசிலுக்குச் செல்ல வாய்ப்பிருந்தும் அணி செல்லவில்லை. 2017இற் போட்டியை நடாத்தும் நாடு என்னும் உரிமையால் நேரே இடம் பெற்றது. அணியின் 21 பேரில் எண்மர் மணிப்பூரைச் சேர்ந்தோர். காய்கறி, மீன், துணி விற்போரின் பிள்ளைகளும் அதில் இருந்தனர். நிக்கொலாய் அடம் என்னும் ஜெர்மானியர் சில காலம் பயிற்றினார். போட்டிக்கு ஏழு மாதங்களே இருக்கையில் அவர் போய், போர்த்துக்கேயரான லூயிஸ் நோட்டன் டி மற்றோஸ் வந்தார். ஆண்டிறுதிப் பரீட்சைக்கு முன் ஆசிரியரை மாற்றினால் வகுப்பு என்ன பாடுபடும் என்பதை ஆசிரியரான வாசகர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதலாட்டத்தில் ஐக்கிய அமெரிக்காவிடம் மூன்று கோல்களால் தோற்று மூன்று நாட் கழித்து இவ்வாட்டம். அரங்கில் 40,000 பேருக்கு மேற் கூடியிருந்தனர். முற்பகுதியில் எவரும் கோல் பெறவில்லை. கொலம்பியர் மீண்டும் மீண்டும் நெருங்கினர். கோல் காவலன் தீரஜ் சிங் மீண்டும் மீண்டும் தடுத்தான். முற்பகுதி முடியுந் தறுவாயிற் கேரளத்து ராகுல் உதைத்த பந்து கம்பத்திற் பட்டுத் திரும்பியது. ஓரங்குலம் உள்ளே சென்றிருப்பின் என்பர். அத்தகைய ‘இருப்பின்’கள் விளையாட்டிலும் அரசியலிலும் அளவின்றிக் கிடக்கின்றன, விட்டுவிடுவோம். 49ஆம் நிமிடத்திற் கொலம்பியாவின் ஜுவான் பெனலோசா முதற் கோலைப் பெற்றான். 82ஆம் நிமிடத்தில் இந்தியாவுக்கு மூலையுதை கிடைத்தது. பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் அனுப்பிய பந்தை, ஆறடிக்கு மேலுயர்ந்த ஜீக்சன் சிங் தலையால் அடித்து உட்செலுத்தினான். உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா பெற்ற முதற் கோல் அதுவே. ஆரவாரம் அடங்குவதற்குள், 83ஆம் நிமிடத்தில், பெனலோசா மீண்டும் கோல் பெற்றான். ஆட்டம் 2-1 என முடிந்தது.

அந்த ஒரு நிமிடமே எமது ஆய்வுப் பொருள். அன்றிரவு ஒரு சாரார் சிறுவரின் வீரத்தை வானளாவப் புகழ்ந்தனர். மறு சாரார், சமநிலையை ஒரு நிமிடமேனுங் காக்க அறியாத பிள்ளைகள் என்றனர். இரண்டும் தீர்ப்பேயன்றி மதிப்பீடல்ல. கோல் பெற்றபின் நடுக்கோட்டிலிருந்து ஆட்டம் மீளத் தொடங்கும்போது, ஒவ்வொருவனும் தன் பகுதியில் நிற்கின்றானா என்பதையே மத்தியஸ்தர் நோக்குவார். உடல் திரும்பியதை அவர் காண்பார். மனந் திரும்பியதா என்பது அவர் வேலையன்று. அறுபத்தேழாண்டாக ஒரு நாடு காத்திருந்த கோலைப் பெற்ற பிள்ளைகளின் மனம் ஒரு நிமிடத்திற் பின்காவலிடத்துக்குத் திரும்பவில்லை. இஃது ஊக்கக் குறைவன்று, பழக்கக் குறைவு. கோல் பெறுவதைப் பயிற்சி மைதானத்திற் கற்பிக்கலாம். நெருக்கடியான போட்டியிற் கோல் பெற்றதற்குப் பிந்திய நிமிடத்தை அப்படிக் கற்பிக்க இயலாது. அத்தகைய போட்டிகள் பலவற்றை ஆடியே கற்கவேண்டும்.

முதிர்ந்தோர் தடுமாறார் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2014 ஜூலை 8ஆந் திகதி, தம் நாட்டிலேயே நடந்த அரையிறுதியில், பிறேசிலின் தேர்ந்த ஆட்டக்காரர் 23ஆம் நிமிடத்திற்கும் 29ஆம் நிமிடத்திற்கும் இடையில் ஜெர்மனிக்கு நான்கு கோல்களை விட்டுக்கொடுத்தனர். அவர்களைப் பார்க்கிலும் மணிப்பூர்ப் பிள்ளைகள் பெரும் பிழை செய்தார்களல்லர்.

இனித் தனித்தனியே நோக்குவோம். ஜீக்சனுக்கு அன்று கிடைத்த புகழ் முழுதும் அக்கோலுக்கே. ஆனால் அவன் நின்ற இடம் நடுக்களத்தின் பின்புறம். எதிரியின் ஓட்டத்தை முறிப்பதும், பறித்த பந்தைப் பிழையின்றி அடுத்தவனிடஞ் சேர்ப்பதுமே அவன் கடமை. அவனைக் கோலைக்கொண்டு அளப்பது, இலக்கண மாணவனை அவன் கையெழுத்தின் அழகைக்கொண்டு அளப்பது போலாகும். முதலிற் கூட்டப்பட்ட அணியில் இவனுக்கு இடமிருக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. இவனாடிய மினர்வாக் கழகத்து இளையோர், தேசிய இளையோர் அணியைப் பயிற்சியாட்டமொன்றில் வென்ற பின்னரே தெரிவாளர் கண் இவன்மேல் விழுந்தது.

தீரஜின் கணக்கு இதற்கு எதிர்மாறானது. ஏட்டில் அவன் இரண்டு கோல் விட்டவன். கண்டோர்க்கு அன்று சிறந்து நின்றவன். கோல் காவலனின் நற்செயல்கள் எண்ணிக்கையில் ஏறுவதில்லை, வழுக்களே ஏறும். ஸ்டாலினின் பந்து விழவேண்டிய இடத்தில் விழுந்தது. அதனைப் பலர் மறந்தனர். எதிரணிப் பெனலோசாவையும் நடுநிலையாளர் குறித்துக்கொள்ளல் வேண்டும். முன்னிலையை இழந்த மறுகணமே தளராது ஓடி வந்த அச்சிறுவனும் ஏறத்தாழ இவர்கள் வயதினனே.

நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமைகளால் தலை, இடை, கடை என வகுத்தார். அவ்வகுப்புக் கொள்ளும் முறை பற்றியதேயன்றிப் பெற்ற புள்ளி பற்றியதன்று. இதனை யாம் விளையாட்டுக்கும் பொருத்தலாம் என்போம். ஒருவன் பந்தைப் பெறுமுன் எத்திசை நோக்குகின்றான்? பிழைத்தபின் தலைகுனிந்து நிற்கின்றானா, திரும்பி ஓடுகின்றானா? பயிற்றியவர் சொன்னது ஒன்று, களம் கேட்பது வேறொன்று ஆயின் எதனைச் செய்கின்றான்? இவையே பதினாறு வயதிற் காணத்தக்கவை. கோல் எண்ணிக்கையை மட்டுங் கொண்டு மற்றதை விடுவோர், கசடு தன்பாற் றங்க நெய்யை ஒழுகவிடும் நெய்யரியை ஒப்பர். அவ்வுவமை கடைமாணாக்கர்க்குரியது, தெரிவாளர்க்கும் விமரிசகர்க்கும் அதனை நீட்டியமைக்காக நன்னூலார் எம்மைப் பொறுப்பாராக.

அதே போட்டியின் இறுதியாட்டம் ஒக்டோபர் 28ஆந் திகதி கொல்கத்தாவில் நடந்தது. 31ஆம் நிமிடத்தில் ஸ்பெயின் இரண்டு கோல் பெற்றிருக்க, இங்கிலாந்து ஒன்றும் பெறவில்லை. அந்நிமிடத்தில் எவரேனும் ஆங்கிலச் சிறுவரைப் பற்றித் தீர்ப்பெழுதியிருந்தால் அது நகைப்புக்கிடமாயிருக்கும். 5-2 என அவர்களே வென்றனர். அவர்களுட் பில் ஃபோடன் என்பான் பின்னர் உலகறிந்த ஆட்டக்காரனானான்.

இந்தியச் சிறுவரோ மூன்றாமாட்டத்தில் கானாவிடம் நான்கு கோல்களால் தோற்று, ஒன்று பெற்று ஒன்பது விட்ட அணியாக வெளியேறினர். அத்துடன் ஏட்டை மூடியோர் பலர். ஆயின் அவர்களைக் கலைத்துவிடாது, ‘இந்தியன் அரோஸ்’ என்னும் பெயரில் முதியோர் கழகங்களோடு ஆடும் போட்டித் தொடரில் இறக்கினர். வாரந்தோறும் வளர்ந்தோரோடு மோதினர், பெரும்பாலும் தோற்றனர். 2018 ஓகஸ்டில், ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் நடந்த இருபது வயதிற்குட்பட்டோர் போட்டியொன்றில், இவர்களுட் பலர் ஆடிய இந்திய அணி ஆர்ஜென்டீனாவை 2-1 என வென்றது. அனிக்கெத் ஜாதவ் வெளியேற்றப்பட்டமையாற் பிற்பகுதியிற் பெரும்பொழுது பத்துப்பேரோடே ஆடியும் வென்றது. இரண்டாங் கோலைப் பெற்றவன் டில்லியிற் பின்காவலில் நின்ற அன்வர் அலி. எதிரணியைப் பயிற்றியவர் லியொனல் ஸ்கலோனி. அவரே 2022இல் ஆர்ஜென்டீன முதியோர் அணிக்கு உலகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தவர். டில்லிக்கும் வலென்சியாவுக்கும் இடையே கழிந்தவை பத்து மாதங்கள். பிள்ளைகள் புதிதாய்ப் பிறக்கவில்லை, ஆட்டங்கள் கிடைத்தன.

பின்னர் அமர்ஜித் 2019இலும், ஜீக்சன், சுரேஷ் சிங், லாலெங்மாவியா ஆகியோர் 2021இலும் முதியோர் தேசிய அணியில் ஆடினர். அன்வர் அலிக்கு இதயத்திற் குறையுண்டென்று 2019இல் ஆட்டத்தை விடுமாறு கூறப்பட்டது. அவர் மீண்டுவந்து 2022இல் நாட்டுக்காக ஆடினார். வேறு சிலரின் பெயரை இன்று கேட்பாரில்லை. அரோஸ் அணியும் 2022இற் கலைக்கப்பட்டது. அக்கலைப்பை யாம் ஒப்பவில்லை. விளைந்ததைக் கண்டபின் வயலை மூடியதாகவே அது தோன்றுகின்றது.

இவற்றை றக்வானையிலிருந்து எழுதுவதற்குக் காரணமுண்டு. எமது நாடு 1995இற் கொழும்பில் இந்தியாவை இறுதியாட்டத்தில் வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற நாடு. அதே நாடு நிருவாகச் சச்சரவால் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை உலகச் சம்மேளனத்தின் தடைக்குள்ளாகி, எவ்வயதினரையும் சர்வதேச ஆட்டத்துக்கு அனுப்ப இயலாதிருந்தது. பதினாறு வயதினனுக்கு ஏழு மாதம் சிறு காலமன்று. பத்து வயதிற் புலமைப்பரிசிற் பரீட்சையாலும் அதன் வெட்டுப்புள்ளியாலும் ஒருநாளில் அளக்கப்பட்ட பிள்ளை, மீண்டும் களத்திலும் ஒருநாளில் அளக்கப்படுகின்றான்.

தோட்டங்களிலே தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டது போக மிஞ்சிய சமநிலம் சிறிது. பந்து எல்லை தாண்டினால் மூன்று தட்டுக் கீழே தேயிலைக்குள் இறங்கித் தேடவேண்டும். மழைநாளில் அட்டைக்கடியும் உண்டு. ஆதலின் எம் பிள்ளைகள் பந்தைக் காலடியிலேயே வைத்திருக்கப் பழகியவர்கள், உயர உதைக்கக் கூசுபவர்கள். அவர்களைப் பெரிய மைதானத்தில் முதன்முறை காணும் தெரிவாளர் அதனை ‘அச்சம்’ என்று குறித்துக்கொள்வார். அது நிலத்தின் அமைப்பேயன்றி நெஞ்சின் அமைப்பன்று. மாவட்டத் தெரிவுக்கு இரத்தினபுரிக்கு அழைக்கும்போது, அரைமணி நேர ஆட்டமொன்றோடு பெயர்ப்பட்டியலை முடித்துவிடாது, ஒரு மாதம் விட்டு இரண்டாமுறையும் அழைத்தல் வேண்டும். அவ்விடைக்காலத்தில், கூடுமானால், மேலே தோட்டத்துக்கும் ஒருநாள் வந்து அவர்கள் ஆடும் நிலத்தைப் பார்த்துச் செல்லல் வேண்டும். பேருந்து உண்டு.