எண்ணுக்குப் பெயர் வையுங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கணினி படிக்கிறார்கள். சங்க உறுப்பினர் பட்டியல், கடைக் கணக்கு, கோயில் கட்டளைப் பதிவு என்று சிறு சிறு வலைத்தளங்களைப் பி.எச்.பி. மொழியில் எழுதியும் தருகிறார்கள். பாராட்ட வேண்டிய தொண்டு. ஓய்வுக்குப் பின் அந்த மொழியைக் கொஞ்சம் கற்றவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வினவலுக்குள் வெறும் எண்ணை எழுதாதீர்கள்.

‘வகை 3 உள்ளவர்களை எடுத்துக் கொடு’ என்று தரவுத்தளத்தைக் கேட்கிறோம். 3 என்றால் ஆயுள் உறுப்பினர் என்பது எழுதிய பிள்ளைக்குத் தெரியும். நாமோ மாற்றலாகிப் போகிறவர்கள். அவன் புனேக்கோ பெங்களூருக்கோ போனபின், அடுத்து வருகிறவளுக்கு அது வெறும் 3தான். ஊகித்துத் திருத்தினால், ஆயுள் சந்தா கட்டிய பெரியவருக்குப் பத்திரிகை நின்றுபோகும். ‘ஆயுள்_உறுப்பினர்’ என்று ஒரு மாறிலியை, அதாவது பெயரிட்ட மாறாத மதிப்பை, ஒரே கோப்பில் அறிவித்து எங்கும் அந்தப் பெயரையே எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

“எழுதிப் பார்த்தேன், ஓடவில்லை” என்பார்கள். காரணம் எளியது. பி.எச்.பி.யில் மாறிகளுக்கு முன்னால் டாலர் குறி உண்டு. இரட்டை மேற்கோளுக்குள் அந்தக் குறியைக் கண்டுதான் மதிப்பு இட்டு நிரப்பப்படுகிறது. மாறிலிக்கு அந்தக் குறி இல்லை. பெயர் பெயராகவே தரவுத்தளத்துக்குப் போக, ‘இப்படி ஒரு புலம் இல்லையே’ என்று அது பிழை சொல்கிறது. பிள்ளைகள் சலித்துப்போய் மறுபடி 3 என்றே எழுதிவிடுகிறார்கள்.

சலிக்க வேண்டாம். மேற்கோளை மூடி, புள்ளி வைத்து மாறிலியை ஒட்டலாம். அதைவிட, 2005இல் பி.எச்.பி. 5.1 உடன் வந்த பி.டி.ஓ. முறை மேல். வினவலில் கேள்விக்குறி இட்டு, மதிப்பைத் தனியே கொடுக்க வேண்டும். ‘பைண்ட்பாராம்’ மாறியை மட்டுமே ஏற்கும். மாறிலிக்கு ‘பைண்ட்வேல்யூ’ வேண்டும். அட்டவணைப் பெயரைக் கேள்விக்குறி ஏற்காது. அங்கே மாறிலியை ஒட்டித்தான் ஆகவேண்டும். நாமே அறிவித்த பெயர் என்பதால் ஆபத்தில்லை. படிவத்தில் வெளியார் தட்டச்சு செய்வதை மட்டும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். விஷமி ஒருவன் வினவலையே மாற்றிவிடுவான்.

அதற்காக எல்லாவற்றையும் மாறிலியாக்குவதும் சரியல்ல. ரயில்வேயில் அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், அது மாறாது. பழுது பார்க்கும் இடத்தில் விதிக்கும் வேகக் கட்டுப்பாடு மாறிக்கொண்டே இருக்கும். அதை எழுதி ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். சந்தாத் தொகையும் அப்படித்தான், பொதுக்குழு கூடினால் மாறும். அதற்குரிய இடம் தேதியோடு கூடிய அட்டவணை, நிரல் அல்ல.

செயற்குழு அன்பர்களே, அடுத்த முறை வலைத்தளத்தைப் பெற்றுக்கொள்ளும்போது மாறிலிகள் உள்ள அந்த ஒரு கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது கணினி அறியாதவருக்கும் புரியவேண்டும். புரியவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.