அடைத்த கடனுக்கு அவப்பெயர்

கடைசித் தவணை வரை கட்டி, நோ டியூ சர்டிபிகேட்டும் வாங்கி பீரோவில் வைத்திருப்பவரைக் கடன் கட்டாதவர் என்று எழுதி வைக்கிறார்கள். எழுதியவர் யாரென்று தெரியாது, எப்போது எழுதினார் என்றும் தெரியாது. நாம் அடுத்த கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

என் தங்கைக்கு நடந்தது இது. தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கினாள். டியூ எல்லாம் அவள் வங்கிக் கணக்கிலிருந்தே மாதாமாதம் பிடிக்கப்பட்டு முடிந்தது. சில வருஷம் கழித்து வீட்டுக்கடன் கேட்டபோது, "சிபில் சரியில்லையேம்மா" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யார் கடனை எப்படிக் கட்டினார் என்று கணக்கு வைக்கும் நிறுவனம் சிபில்; அதன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அந்த ஃபிரிட்ஜ் கடனுக்கு எதிரே 'ரைட் ஆஃப்' என்று இருக்கிறது. வசூலாகாது என்று கணக்கில் கழித்துவிட்ட கடனாம். கூடவே ஒரு நிலுவைத் தொகை. அதைப் பிடித்துக்கொண்டு வசூல் ஏஜென்சி ஒன்று அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் மாறி மாறி போன் செய்தது. கட்டியாயிற்று என்றால், "எங்க லிஸ்ட்ல இருக்கே, பாதி கட்டுங்க, முடிச்சு விட்டுடறோம்" என்றார்கள்.

அந்தப் பாதியைக் கட்டிவிடாதீர்கள் என்று ஊரெல்லாம் கூவத் தோன்றுகிறது. தொல்லை தீரட்டும் என்று கட்டினால், இல்லாத கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அறிக்கையிலும் கடன் முழுசாக அடைந்தது என்று வராது. 'செட்டில்டு' என்றுதான் வரும். அதைப் பார்க்கிற அடுத்த வங்கி, முழுத் தொகையைத் தராமல் பேரம் பேசி முடித்தவர் என்றே எடுத்துக்கொள்ளும். பணமும் போய், பேரும் கெட்டதுதான் மிச்சம்.

சரி, திருத்தச் சொல்லலாம் என்று சிபிலுக்கு எழுதினால், கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்யாமல் நாங்களாகத் திருத்த முடியாது என்று பதில் வருகிறது. அந்த நிறுவனத்திடம் போனால், சிபிலிடம் கேளுங்கள் என்கிறார்கள். தவறாக எழுதியவர்தான், அது தவறா இல்லையா என்று தீர்ப்பும் சொல்கிறார். அவர் "எங்கள் பதிவு சரியே" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால், நம் கையிலிருக்கும் ரசீதை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. திருத்த மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அப்படியும் நடக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. என் தங்கை ஏறி இறங்கிய அலுவலகத்தில் ஒருவர்கூட இதில் ஒன்றையும் வாய்திறந்து சொல்லவில்லை. நாங்களே தேடிப் படித்து, புகார் எண்ணும் தேதியும் போட்டு எழுதிய பிறகுதான் அங்கே கோப்பு நகர்ந்தது.

அவள் படித்தவள், மெயில் அனுப்பத் தெரியும். மகளிர் குழுவில் கடன் வாங்கி வாராவாரம் கட்டும் பெண்களை நினைத்தால் மனசு பதைக்கிறது. வசூலுக்கு வந்தவர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கணக்கில் ஏற்றாமல் விட்டால், அந்தப் பெண் எந்த இணையதளத்தில் போய் முறையிடுவாள்? அறிக்கை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் இந்தக் கணக்கை வைத்திருப்பது சிபில் மட்டுமல்ல. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு. நான்கிலும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம், வாங்கிப் பாருங்கள். சிபிலில் தங்கையின் பெயர் சுத்தமாகிவிட்டது. மற்ற மூன்றில் ஒன்றில் அந்த 'ரைட் ஆஃப்' இன்றைக்கும் நிற்கிறது. அதற்கு இப்போதுதான் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.