வண்டியும் வழியும்: களத்திற்கு ஒரு சாய்வு, ஊருக்கு ஒரு சாய்வு

சுனாபட்டியில் நம் அன்பர் ஒருவரின் புதல்வர், விடுமுறைக்குப் பெற்றோரையும் தங்கையையும் தம் காரில் சென்னைக்கு அழைத்துச் செல்லவிருந்தார். வழியனுப்பச் சென்ற நாம், முன்சக்கரங்களின் உட்புறத்தைத் தற்செயலாகத் தடவிப் பார்த்தோம். வெளிப்புறக் காடிகள் புத்தம் புதியனபோல் விளங்கின. உள் ஓரமோ நூலிழை தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி! அன்றையப் பயணம் நின்றது.

காரணம் யாது? இளைஞர் பந்தய ஆர்வலர். இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் ஓட்டுவதற்கென அமைத்த சக்கரங்களோடே, பல மாதங்களாக நகரிலும் ஓட்டி வந்திருக்கிறார்.

ஆர்வத்தை நாம் குறை கூறோம். போர்க்கால விமானத்தளமாயிருந்த சோழவரத்தில் பந்தயம் கண்ட தலைமுறை நம்முடையது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. களம் திறக்கப்பட்டது. 2005-இல் கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். ஆனால் களம் வேறு, சாலை வேறு.

வளைவில் விரையும்போது வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது; பாரம் தாங்கும் வெளிச்சக்கரம் தன் வெளி ஓரத்தில் நிற்கிறது. அதை ஈடுசெய்யவே சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்நோக்கிச் சாய்க்கிறார்கள். இதுவே நெகடிவ் கேம்பர். களத்திற்கு 2 முதல் 3 டிகிரி வரை வைப்பதுண்டு. நேர்ச்சாலையிலோ அச்சாய்வு பாரத்தை உள் ஓரத்தில் சுமத்துகிறது. பிரேக்கின் பிடிப்பும் குறைகிறது.

எனினும் டயரைப் பெரிதும் தின்பது டோ என்னும் கோணமே. சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கினால் டோ-இன், வெளிநோக்கினால் டோ-அவுட். முன்சக்கரத்தில் சிறிது டோ-அவுட் வைத்தால் வண்டி சட்டென்று திரும்பும். நேரே செல்கையில் அலைபாயும். ஒரு சக்கரம் அரை டிகிரி விலகியிருப்பின், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் உராய்கிறது. சென்னை சேர்வதற்குள் அது 11 கிலோமீட்டருக்கு மேலாகும்! சாய்வும் விலகலும் சேர்ந்தே அந்த உள் ஓரத்தைத் தின்றுவிட்டன. மழைநீரை ஒதுக்கக் காடியில்லாத டயர் எப்போது வழுக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இரண்டிற்கும் ஒரே வண்டி வைத்திருப்போர் நடுவழியைக் கொள்வது நலம்: முன்கேம்பர் ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி, முன்டோ சுழி, பின்சக்கரத்தில் இம்மியளவு டோ-இன். காஸ்டர் கோணம் இருபுறமும் ஒத்திருக்கட்டும். எல்லாவற்றிற்கும் வண்டியின் கையேடே முதல் அளவுகோல். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். ஆகவே டோவைக் கடைசியில் மறுபடி அளக்க மறவாதீர். அளப்பதற்கு முன் காற்றழுத்தமும், புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றின் ஆட்டமும் பார்க்கப்பட வேண்டும்.

களம் காணாத அன்பர்களுக்கும் ஒரு சொல். பம்பாய் மழையில் சாலைப் பள்ளமொன்றில் சக்கரம் பலமாக விழுந்தால், அலைன்மென்ட்டைச் சோதியுங்கள். டயரின் உள் ஓரத்தையும் கையால் தடவுங்கள். காடிக்குள் உள்ள 1.6 மி.மீ. மேடு வரை தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிடுங்கள்.

நிற்க. இரு நாட்களுக்குப் பின், புது டயர்களோடும் திருத்திய கோணங்களோடும் அக்குடும்பம் புறப்பட்டது. இம்முறை புறப்படுமுன் சக்கரங்களைத் தடவிப் பார்த்தவர் அந்த இளைஞரே.