ஷாஃப்டுக்குப் பூச்சு, பையனுக்கு என்ன பாதுகாப்பு?



போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் பேட்டை வீட்டுக்கு வந்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு குரோம் பிளேட்டிங் பட்டறையில் வேலை. "அடிக்கடி மூக்குல ரத்தம் வருது சார்" என்றான். டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தறி வீட்டில் வளர்ந்த உங்களுக்குத் தேய்மானம் தெரியும். நூல் உரசியே இரும்பில் பள்ளம் விழும். பம்ப் ஷாஃப்டும் ஹைட்ராலிக் ராடும் அப்படித்தான். தேயும், துருவும் பிடிக்கும். அதற்காகத்தான் கடினக் குரோம் முலாம். அந்தத் தொட்டியில் இருப்பது குரோமியம்-6, புற்றுநோய் தரக்கூடியது. அதன் புகை மூக்கின் நடுச்சுவரையே துளைத்துவிடும்.

இதற்கு மாற்று உண்டு. டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் கலந்த பொடியை, எரிபொருளும் ஆக்சிஜனும் எரியும் துப்பாக்கி வழியே ஒலியைவிட வேகமாகப் பீச்சுவார்கள். ஹெச்.வி.ஓ.எஃப். என்று பெயர். இளகிய துகள்கள் மோதித் தட்டையாகி அடுக்கடுக்காகப் படியும். விமானத்தின் லேண்டிங் கியரில் குரோமுக்குப் பதிலாக இது வந்துவிட்டது. இமாச்சலில் சட்லெஜ் நதியின் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்தில், மணல் அரிக்கும் டர்பைன்களுக்கும் இந்தப் பூச்சுதான். ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இதே வகைப் பூச்சு நுட்பத்தை நம் நாட்டுக் கம்பெனிகளுக்கே கொடுத்திருக்கிறது.

"விலை அதிகம் சார்" என்பீர்கள். உண்மைதான். பொடி விலை அதிகம், தேய்த்துச் சமன்செய்ய வைரச் சக்கரம் வேண்டும், குறுகலான துளைக்குள் துப்பாக்கி நுழையாது. கோபால்ட் தூசியும் நல்லதல்ல. மூடிய அறையும் தூசி உறிஞ்சியும் கட்டாயம்.

ஆனால் குரோமுக்கு நாம் கொடுப்பது முழு விலையா? பக்கத்து ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அது முலாம் பட்டறை அல்ல. ஆனால் நிலத்தடி நீரைக் கெடுத்தது அதே குரோமியம்-6தான். இந்தச் செலவை எந்த பில்லிலும் எழுதுவதில்லை.

சிறு பட்டறைக்காரர் தனியாக இந்தக் கருவியை வாங்க முடியாது. சிப்காட்டில் அரசே பொதுக்கூடம் அமைத்து, கூலிக்குப் பூசித் தரட்டும். ஐ.டி.ஐ.யில் பாடமாகவும் வைக்கட்டும்.

தொழில் நடத்தும் மாணவர்களே, அடுத்த ஷாஃப்டைக் கொடுக்கும்முன் இரண்டு விலையும் கேளுங்கள்; எது எத்தனை மாதம் உழைக்கும் என்றும் கேளுங்கள். தொட்டி அருகே நிற்கும் பிள்ளைகளே, மாஸ்க்கும் புகை உறிஞ்சியும் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். தவறிருந்தால் திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்